பழைய ஹெட்போனைத் துலக்குவதற்கு முன்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் எனக்கு இரண்டு புகைப்படங்களை அனுப்பியிருந்தார். பழைய வானொலிக் கருவிகளைத் திரட்டுவதில் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர். முதற்படத்தில் 1920-களைச் சேர்ந்த ஒரு ஹெட்போன்: துருவேறிய தலைப்பட்டை, நைந்துபோன நூலுறைக் கம்பி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மூடிகள். இரண்டாம் படத்திலும் அதே ஹெட்போன்தான்: மின்னும் பட்டை, புத்தம்புதுக் கம்பி, முகம் பார்க்குமளவு கறுத்துப் பளபளக்கும் மூடிகள். "மூன்று வார உழைப்பு. எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தார்.

பாராட்டத்தான் விரும்பினேன், இயலவில்லை. காரணம் சொல்லாமல் மௌனமாக இருப்பது அவருக்கு நான் செய்யும் அவமதிப்பு என்று தோன்றியது. ஆகவே அவருடைய இசைவுடன், அவருக்கான என் விடையைப் பொதுவில் வைக்கிறேன். என் தரப்பு இதுதான்: பழைய ஹெட்போனை நாம் துலக்கும்போது அழுக்கோடு சேர்த்து, வேறெங்கும் பதிவாகாத ஒரு சான்றையும் கழுவிவிடுகிறோம். இதை அறிவுரையாக அன்றி, அந்தக் குற்றத்தை ஒருமுறை செய்தவனின் வாக்குமூலமாகவே வாசிக்க வேண்டுகிறேன்.

நான் கொல்கத்தாவில் ஆய்வு மாணவன். வானொலியின் தொடக்க ஆண்டுகளில் மக்கள் எவ்வாறு கேட்டார்கள் என்பதே என் ஆய்வுப்பொருள். கடந்த ஆறு ஆண்டுகளில் சாந்தினி சந்தையின் பழம்பொருள் கடைகளிலும், வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது வெளிவரும் தட்டுமுட்டுப் பொருள்களிடையிலும் தேடி, முப்பத்தொரு ஹெட்போன்களைச் சேர்த்திருக்கிறேன். அவற்றுள் ஏறத்தாழ பாதி இன்று ஒலிப்பதில்லை. என் ஆய்வுக்கு மிகுதியாக உதவியவை அந்த ஒலிக்காத பாதிதான்.

இக்கருவியைக் கண்டிராதவர்களுக்காகச் சிறிது விளக்கம். ஒவ்வொரு காதுக்கும் ஒரு சிறு கிண்ணம். அதனுள் நிலைக்காந்தம் ஒன்று. அதன் முனைகளில், தலைமுடியினும் மெல்லிய செம்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள்கள். அவற்றுக்கு மேலே, மயிரிழை இடைவெளியில், வட்டமான மெல்லிய இரும்புத் தகடு. அதன்மேல் நடுவில் துளையிட்ட மூடி. சுருளில் பாயும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தகடு அதிர்கிறது, அவ்வதிர்வே ஒலி. நிலைக்காந்தம் இல்லையெனில், மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும் தகடு உள்நோக்கியே இழுபடும். அப்போது ஒலி வலுவிழப்பதோடு, அதன் அதிர்வெண் இரட்டித்துத் திரிந்தும் போகும்.

தொடக்ககால வானொலிக்கு ஹெட்போன் இன்றியமையாததாக இருந்தது. எளியவர் வாங்கக்கூடிய படிகப்பெட்டிக்கு மின்கலம் கிடையாது, ஒலிபெருக்கமும் கிடையாது. ஏரியலில் வந்து சேரும் அலையின் ஆற்றல் ஒன்றே அதற்கு மூலதனம். கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தின்மேல் ஊசிமுனைக் கம்பியைத் தொடவைத்து, ஒலி கேட்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் கலீனாவை மின்னலை உணரியாகப் பயன்படுத்துவதற்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் இதே நகரத்தின் ஜகதீச சந்திர போஸ் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். படிகம் தரும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. அதனைக் கொண்டு ஒலிபெருக்கியை இயக்க முடியாது. காதோடு ஒட்டிய தகட்டைத்தான் அசைக்க முடியும். ஆகவேதான் காதொன்றுக்கு 2,000 ஓம், இணைக்கு 4,000 ஓம் என்னும் உயர்ந்த மின்தடையோடு இவை செய்யப்பட்டன.

இவற்றின் தயாரிப்பாளர்கள்மீது திரட்டுநர்களுக்கு உள்ள மோகம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து 1910-இல் அந்நாட்டுக் கடற்படைக்கு விற்ற நத்தானியேல் பால்ட்வினின் கதை எவரையும் ஈர்க்கும். இங்கிலாந்தில் எஸ். ஜி. பிரவுன் வடிவமைத்த 'ஏ' வகையில், தகட்டுக்குப் பதிலாக எஃகு நாக்கும் அலுமினியக் கூம்பும் இருந்தன. முதுகிலுள்ள சிறு திருகைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம். இவற்றைக் கையில் எடுக்கும்போது எனக்கும் உள்ளம் துள்ளவே செய்கிறது. ஆனால் இத்தகவல்கள் அனைத்தும் விலைப்பட்டியல்களிலும் காப்புரிமை ஆவணங்களிலும் பத்திரமாக உள்ளன. தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த நாளன்று ஒரு ஹெட்போன் எப்படி இருந்தது என்பதை அறிய, நம் கையிலுள்ள பொருளைத் துலக்க வேண்டிய தேவையே இல்லை. அந்நாளுக்குப் பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அறியத்தான் இப்பொருளைத் தவிர வேறு வழியில்லை.

இந்திய வரலாற்றில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. கொல்கத்தாவில் வானொலிக் கழகம் 1923-ஆம் ஆண்டின் இறுதியில் ஒலிபரப்பத் தொடங்கியது. சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் ஒலிபரப்பு 1924 ஜூலை 31-இல் தொடங்கியது. பின்னர் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி 1927 ஜூலை 23-இல் பம்பாயிலும், ஆகஸ்ட் 26-இல் கொல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. மூன்றாண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்காமல் 1930 மார்ச்சில் அக்கம்பெனி மூடப்பட, ஏப்ரல் முதல் அரசே பொறுப்பேற்றது. வானொலி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் செலுத்தி உரிமம் பெற வேண்டும். கம்பெனி மூடப்பட்ட காலத்தில் நாடு முழுவதிலும் இருந்த உரிமங்களின் எண்ணிக்கை 8,000-ஐ எட்டவில்லை.

வரலாற்று நூல்கள் இந்த எண்ணைக் காட்டி, 'அக்காலத்தில் வானொலி கேட்டோர் மிகச் சிலரே' என்று கூறி நகர்ந்துவிடுகின்றன. உரிமம் யார் பெயரில் இருந்தது? வீட்டுத் தலைவர் பெயரில். கேட்டவர் அவர் ஒருவர்தானா? மனைவியும் தாயும் குழந்தைகளும் கேட்டார்களா? பக்கத்து வீட்டார்? வேலையாள்? உரிமம் பெறாமலே கேட்டவர்கள்? உரிமப் பதிவேடு பணம் கட்டியவரைக் காட்டும். கொல்கத்தா நிலையம் 1929 முதல் வெளியிட்ட 'பேதார் ஜகத்' இதழ் எது ஒலிபரப்பாயிற்று என்பதைக் காட்டும். கேட்டவர் யார் என்ற வினாவுக்கு இவ்விரண்டிலும் விடையில்லை. அந்த விடையின் சில துணுக்குகள், கேட்டவரின் காதைத் தொட்டுக்கொண்டிருந்த பொருளில் ஒட்டிக்கிடக்கின்றன.

என் தொகுப்பிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன். ஒன்றில், இரு காதுகளுக்கும் பிரியும் கம்பியைப் பெரிதும் கீழே வரை பிரித்து, அவ்விடத்தில் சேலைக்கரை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். தலைப்பட்டையைக் கழற்றினால், இரண்டு கிண்ணங்களையும் இருவர் ஓரளவு தள்ளித் தள்ளி அமர்ந்து காதில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றுக்குத் தலைப்பட்டையே இல்லை. ஒற்றைக் கிண்ணம், வழவழப்பாகச் செதுக்கிய மரக்கைப்பிடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. தலைமுடியையோ முக்காட்டையோ கலைக்காமல் கேட்பதற்காக இப்படிச் செய்திருக்கலாம் என்பது என் ஊகம். மூன்றாவதில், தலைப்பட்டையை மிகக் குறுக்கி வளைத்து, உட்புறம் துணி சுற்றித் தைத்திருக்கிறார்கள். என் தலையில் அது ஏறாது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

விற்பனையாளர் மொழியில் இம்மூன்றும் 'குறையுள்ள உருப்படிகள்'. அவற்றை நான் மிக மலிவாக வாங்க முடிந்ததும் அதனால்தான். இவற்றுள் எதைத் 'திருத்தி' முழுமையாக்கினாலும், ஒரு உரிமத்துக்குப் பின்னால் மறைந்திருந்த இரண்டாவது ஆளோ, ஒரு பெண்ணோ, ஒரு குழந்தையோ மீண்டும் மறைந்துபோவார்கள்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். கொல்கத்தாவுக்கு வந்த முதலாண்டு அது. சந்தையில் முதியவர் ஒருவரிடம் என் முதல் ஹெட்போனை வாங்கினேன். அவர் அதைத் தாளில் பொதிந்து தரும்போது, இரண்டு மூடிகளின் விளிம்பிலும் ஒட்டியிருந்த காகிதக் கீற்றுகளைச் சுட்டி வங்காளத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது வங்காளம் பேசவும் வராது, படிக்கவும் வராது. தலையசைத்துவிட்டு, "சரி, தாதா" என்று பணத்தைக் கொடுத்தேன்.

அன்றிரவே விடுதி அறையில் அதைப் பிரித்தேன். மூடிகளைச் சோப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்தேன். காலையில் பார்த்தபோது காகிதக் கீற்றுகள் கூழாகிக் கரைந்திருந்தன. எஞ்சியதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மூடிகளும் கெட்டன. அவை எபோனைட்டால் ஆனவை, அதாவது கந்தகம் கலந்து கெட்டியாக்கிய ரப்பர். வெந்நீர் பட்டால் அது கருமை இழந்து பழுப்பாகும் என்பதையும் அன்றுதான் கற்றேன். நிறம் போனதற்காக வருந்தினேனே தவிர, காகிதத்துக்காக அப்போது வருந்தவில்லை.

ஓராண்டு கழித்து, ஆவணக்காப்பகத்தில் அமர்வதற்காக வங்காளம் படிக்கக் கற்றுக்கொண்ட பின், கைபேசியில் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாங்கிய நாளன்று கடை வாசலில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கீற்று முற்றிலும் நிழலில் இருக்கிறது. மற்றதில் ஒரேயோர் எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிகிறது: 'மா'. அதற்கப்பால் மங்கல்.

வங்காளத்தில் 'மா' என்றால் அம்மா. அந்தக் காது அம்மாவுக்கு என்று ஒரு வீட்டில் எழுதி ஒட்டி வைத்திருந்தார்களா? அல்லது அது 'மாமா' என்பதன் முதலெழுத்தா? கருவி பழுதுபார்த்தவர் எழுதிய வேறு ஏதேனும் குறிப்பின் தொடக்கமா? இனி எவராலும் சொல்ல இயலாது. அந்த முதியவர் என்னிடம் சொல்ல முயன்றதும் அதுதானோ என்னவோ. அவரைத் தேடி மீண்டும் சென்றேன். கடை இருந்த இடத்தில் கைபேசி உறைகள் விற்கிறார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேட்டின் மைய வினாவுக்கு நேரடிச் சான்றாக அமைந்திருக்கக்கூடிய ஒன்றை, அந்த ஆய்வைத் தொடங்கிய நானே வெந்நீரில் கரைத்தேன். துலக்கிய ஹெட்போனைப் பார்க்கும்போது என்னால் மகிழ முடியாததன் காரணம் இதுவே.

நண்பரின் மறுப்பையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். 'ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டது ஹெட்போன். ஒலிக்காத ஹெட்போனை வைத்திருப்பது பாடகரின் புகைப்படத்தை வைத்திருப்பது போல. மேலும், துருவை அப்படியே விட்டால் இன்னும் முப்பது ஆண்டுகளில் உன் சான்றும் பொடியாகும்' என்கிறார் அவர். இரண்டுமே வலுவான வாதங்கள். மழைக்காலத்துக் கொல்கத்தாவின் ஈரக்காற்றில் இரும்புத் தகடுகள் படும் பாட்டை நான் அறிவேன். படிகப்பெட்டி ஒன்றை நானே அமைத்து, கொல்கத்தா நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பை நூறாண்டுப் பழமையான ஹெட்போனில் கேட்ட இரவை மறக்கவும் மாட்டேன். மின்கலமின்றி, வெறுங்காற்றிலிருந்து ஒரு குரல் வந்து செவியில் இறங்குவது என்ன அனுபவம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

ஆயினும், அழிவைத் தடுத்தல் வேறு, புதிதாக்குதல் வேறு. துரு பரவாமல் தடுக்க ஈரமற்ற பெட்டியே பெரும்பாலும் போதும். தேய்த்துப் பளபளப்பாக்கும்போது மெல்லிய நிக்கல் பூச்சும், அதில் பொறித்த முத்திரையும் சேர்ந்தே தேய்கின்றன. படிகப்பெட்டியில் இணைத்துக் கேட்பதால் கருவிக்குத் தீங்கில்லை. வால்வுப்பெட்டியின் கதை வேறு. அதில் வால்வின் நேர்மின்னோட்டம் ஹெட்போன் சுருள்களின் வழியே பாயும். முனைகளை மாற்றி இணைத்தால் நாளடைவில் காந்தம் வலுவிழக்கும். கவனமின்றித் தொடுபவருக்கு மின்னதிர்ச்சியும் நேரலாம். அதற்காகத்தான் கம்பியின் நூலுறையில் ஒரு முனைக்குச் சிவப்பு இழை ஓடவிட்டார்கள். அந்தக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி பூட்டுபவர், பெரும்பாலும் அக்குறியையும் எறிந்துவிடுகிறார்.

சுருளின் கதையும் அவ்வாறே. பிரவுன் ஹெட்போன்கள் 120 ஓம் முதல் 8,000 ஓம் வரை பல தடைகளில் விற்கப்பட்டன. 120 ஓம் என்று அளவுகருவி காட்டினால், 'கெட்டுவிட்டது' என்று கருதி உயர்ந்த தடைக்கு மாற்றிச் சுற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது கெட்டதன்று, இடையில் ஒரு மின்மாற்றி வைத்துக் கேட்பதற்காகச் செய்த தாழ்தடை வகை. அந்த எண், அந்த வீட்டில் எவ்வகைப் பெட்டி இருந்தது என்பதற்கான குறிப்பு. சுருளை மாற்றிய கணத்தில் பெட்டியைப் பற்றிய அந்தத் துப்பும் போகிறது.

எனவே, என்னைப் போலத் திரட்டும் நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது: ஒரு ஹெட்போன் கைக்கு வந்ததும், துணியால்கூடத் துடைக்கும் முன் அதைப் படமெடுங்கள். மூடிகளின் உட்புறம், கம்பியின் முடிச்சு, பட்டையின் உள்வளைவு, ஒட்டியிருக்கும் காகிதம், கீறல்கள், அனைத்தையும் நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து இருந்தால், படிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அழுக்கு என்று தோன்றுவது எழுத்தாக இருக்கலாம்.

இரண்டாவது: விற்றவரிடம் ஐந்து வினாக்களையாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தெருவிலிருந்து வந்தது, எவ்வகை வீடு, கூடவே என்னென்ன இருந்தன, அவர் கைக்கு எப்போது வந்தது, அதைப் பற்றி யாராவது ஏதேனும் சொன்னார்களா. பெயர் வேண்டாம்; தெருவும் காலமும் போதும். பழம்பொருள் ஒரு கை மாறும் ஒவ்வொரு முறையும் இக்கதையில் பாதி உதிர்ந்துபோகிறது. இரண்டு கை மாறிய பின் எஞ்சுவது விலை மட்டுமே.

மூன்றாவது: எதையேனும் மாற்றியே தீரவேண்டும் என்றால், கழற்றியதை எறியாதீர்கள். பழைய கம்பியை ஒரு காகித உறையிலிட்டு, எந்த ஹெட்போனிலிருந்து என்று, எப்போது கழற்றியது என்று எழுதி, அதனுடனேயே வையுங்கள். எந்தச் சீரமைப்பும் நாளை வேறொருவர் பின்னோக்கித் திருப்பக்கூடியதாக இருக்கட்டும். தகட்டை எடுக்க நேர்ந்தால் கத்திமுனையால் நெம்பாமல், பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள், நெம்பினால் வளையும்.

அருங்காட்சியகங்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நம் நாட்டில் வானொலி வரலாறு என்றாலே தேக்குமரப் பெட்டியும் பெரிய முகப்பும் கொண்ட வால்வு வானொலிகளே மேடையேறுகின்றன. ஹெட்போன் அவற்றின் காலடியில், 'துணைக்கருவி' என்ற அட்டையோடு சுருண்டு கிடக்கிறது. வரிசை அப்படியன்று. கூடத்தின் நடுவே பெட்டி வீற்றிருந்து குடும்பமே சுற்றியமர்ந்து கேட்ட காட்சி, பின்னால் வந்தது. சென்னையில் மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கி, மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்ததும் பின்னால் வந்ததே. அதற்குமுன், சத்தமே இல்லாத ஓர் அறையில் ஒருவர் மட்டும் தலைகுனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க, மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சில ஆண்டுகள் இருந்தன. அடுத்து யார் காதில் வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு வீடும் ஒருவகையில் முடிவு செய்திருக்கும். யாருக்கு முதலில், யாருக்கு எத்தனை நிமிடம், யாருக்கு இல்லவே இல்லை. அது ஒரு சமூக வரலாறு. அதை எழுதுவதற்கு நமக்கு வாய்த்திருக்கும் ஆவணம் இந்தப் பிசுக்கேறிய மூடிகள்.

நண்பருக்கு இறுதியாக ஒன்று. உங்கள் மூன்று வார உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அத்தகைய கைத்திறன் எனக்கு வாய்க்கவே வாய்க்காது. முதற்படத்தை அழித்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அதை முழு அளவில் எனக்கு அனுப்புங்கள். இடது மூடியின் விளிம்பில் ஏதோ ஒரு கோடு தெரிகிறது. கீறலாகவே இருக்கக்கூடும். இருந்தாலும், இம்முறை ஒருதரம் படித்துப் பார்த்துவிடலாம்.